160 வீட்டு கேபிள் நெட்டுக்கு லினக்ஸில் பிபிபிஓஇ சர்வர்: வைப்பதும், எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதும்

கேள்வி சுருக்கமாக இது. கேரள-தமிழ்நாடு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே ஓர் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் 160 வீடுகளுக்கு ஃபைபரில் நெட் கொடுக்கிறார். இப்போது எல்லாருக்கும் டிஹெச்சிபி வழியாக, அதாவது கேட்ட ரூட்டருக்கெல்லாம் தானாக, ஐபி போகிறது. பணம் கட்டாதவரை நிறுத்தினால், அவர் ரூட்டரில் கையால் ஓர் ஐபியைப் போட்டுக்கொண்டு தொடர்கிறார். அதனால் பழைய பிசி ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு, பெயரும் பாஸ்வேர்டும் கேட்ட பிறகே நெட் விடும் பிபிபிஓஇ சர்வர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ரூட்டர் "கனெக்டிங்" என்றே நிற்கிறது. கனெக்ட் ஆன வீடுகளிலும் யூடியூப் ஓடுகிறது, சில பேங்க் தளங்கள் திறப்பதில்லை. என்ன செய்வது?

இரண்டும் வெவ்வேறு நோய். முதலாவதற்குப் பெரும்பாலும் காரணம் 64 என்ற எண், இரண்டாவதற்கு 1492 என்ற எண். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவில்லை: இப்போதிருக்கும் அமைப்பில் பிபிபிஓஇ சரியாக ஓடினாலும், கையால் ஐபி போட்டவர் ஓசியில் ஓட்டிக்கொண்டேதான் இருப்பார். அதையும் சேர்த்தே சொல்கிறேன். கமாண்டுகளைச் சொல்லும் ஒலியிலேயே எழுதுகிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து, கேப்பிடல் என்று சொன்ன இடத்தில் மட்டும் பெரிய எழுத்து.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் பழுது பார்ப்பதற்கு அதுதான் வரைபடம். பிபிபிஓஇ 1999-இல் ஆர்எஃப்சி 2516 என்ற ஆவணமாக வந்தது. டயல்-அப் காலத்து பிபிபியை அப்படியே ஈத்தர்நெட் ஃபிரேமுக்குள் வைத்து அனுப்புவதுதான் அது. இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் வீட்டு ரூட்டர் "இங்கே சர்வர் யாராவது இருக்கிறீர்களா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு பாக்கெட் விடும். அதற்குப் பெயர் பாடி. தெருவில் நின்று பாடிக் கூப்பிடுவது என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. சர்வர் "நான் இருக்கிறேன்" என்று பாடோ அனுப்பும். ரூட்டர் "அப்படியானால் ஒரு செஷன் கொடு" என்று பாடர் அனுப்பும். சர்வர் செஷன் எண்ணோடு பாட்ஸ் அனுப்பும். இந்த நான்கின் ஈத்தர்டைப், அதாவது ஃபிரேம் எந்த வகை என்று சொல்லும் எண், 8863. அதன்பின் வரும் எல்லாமே, அதாவது எல்சிபி (இரு பக்கமும் இணைப்பின் அமைப்பைப் பேசி முடிப்பது), பாஸ்வேர்ட் சரிபார்ப்பு, ஐபி கொடுப்பது, உண்மையான டேட்டா எல்லாம், 8864. முடிக்கும்போது இரண்டு பக்கத்தில் யாராவது பாட்-டி அனுப்புவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, முதல் கட்டத்தில் ஐபி என்ற பேச்சே இல்லை. எனவே வீடுகளைப் பார்த்திருக்கும் நெட்வொர்க் கார்டுக்கு ஐபி தேவையில்லை. கார்டு "அப்" நிலையில் இருந்தால் போதும். தேவையில்லை என்பதோடு நிற்காமல், கொடுக்கவே கூடாது. பழைய டிஹெச்சிபி கேட்வே ஐபியை அந்தக் கார்டில் விட்டுவைத்து, கூடவே மாஸ்கரேடும் (உள் ஐபிகளை சர்வரின் ஐபியில் மறைத்து வெளியே அனுப்புவது) போட்டிருந்தால், கையால் ஐபி போடுகிறவர் பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமல் பழைய வழியிலேயே வெளியே போவார். பிபிபிஓஇ வேலி, அந்த ஐபி வேலியில் திறந்து கிடக்கும் படல்.

இனி சர்வர். டெபியனில் "பிபிபி", "பிபிபிஓஇ" என்று இரண்டு பேக்கேஜ் போட வேண்டும். இரண்டாவதற்குள்தான் "பிபிபிஓஇ-சர்வர்" இருக்கிறது. ரோரிங் பெங்குவின் ஆர்பி-பிபிபிஓஇ என்று அறியப்பட்ட பழைய மென்பொருள். அது செய்வது வாசல்காரன் வேலை மட்டும்: பாடிக்குப் பதில் சொல்லி, செஷன் எண் கொடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் பிபிபிடி என்ற புரோகிராமை ஒன்று கிளப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பாஸ்வேர்ட், ஐபி, டிஎன்எஸ் எல்லாம் பிபிபிடியின் பொறுப்பு. அதனால்தான் ஆப்ஷன்கள் இரண்டு இடத்தில் பிரிந்து கிடக்கின்றன. புதிதாக வைக்கிறவர்கள் குழம்புவதும் இங்கேதான்.

வாசல்காரனுக்கான கமாண்டில் போட வேண்டியவை: கேப்பிடல் ஐ-க்குப் பிறகு கார்டின் பெயர். இப்போதெல்லாம் "ஈஎன்பி2எஸ்0" மாதிரி இருக்கும், "ஐபி லிங்க்" போட்டுப் பாருங்கள். கேப்பிடல் எல்-க்குப் பிறகு சர்வர் பக்கத்து ஐபி, உதாரணமாக 10.20.0.1. கேப்பிடல் ஆர்-க்குப் பிறகு வீடுகளுக்குக் கொடுக்கும் ஐபி எங்கே தொடங்குகிறது என்பது, 10.20.2.1 என்று வையுங்கள். 192.168-இல் தொடங்கும் எதையும் இங்கே கொண்டுவராதீர்கள். வீட்டு ரூட்டர்கள் உள்ளே அதைத்தான் வைத்திருக்கும், மோதும். கேப்பிடல் என்-க்குப் பிறகு அதிகபட்ச செஷன் எண்ணிக்கை. இதைப் போடாவிட்டால் 64. உங்கள் பாதி வீடுகள் நிற்பதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். 160 வீட்டுக்கு 200 என்று போடுங்கள். கேப்பிடல் சி-க்குப் பிறகு சர்வருக்கு ஒரு பெயர். ஒரே லைனில் இரண்டு சர்வர் பதில் சொல்கிறதா என்று பார்க்கும்போது இது கைகொடுக்கும். கேப்பிடல் எஸ், அதாவது சர்வீஸ் நேம், வேண்டாம். வீட்டு ரூட்டரில் ஏதாவது சர்வீஸ் நேம் எழுதியிருந்தால் சர்வரிலும் அதே பெயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்வர் கண்டுகொள்ளாது. இரண்டு பக்கமும் காலியாக விடுவதே நிம்மதி.

ஸ்மால் எக்ஸ் 1 போடுங்கள். ஒரு மேக் முகவரிக்கு (கருவியின் வன்பொருள் எண்) ஒரு செஷன்தான் என்று அர்த்தம். இது இல்லாவிட்டால், கோளாறான ஒரே ரூட்டர் மறுபடி மறுபடி பாடர் அனுப்பி எல்லா இடத்தையும் தின்றுவிடும். ஆனால் தென்னந்தோப்பைத் தாண்டி எங்காவது வயர்லெஸ் லிங்க் வைத்திருந்தால் ஒரு விஷயம்: டபிள்யூடிஎஸ் (பின்னால் இருப்பவர்களின் மேக் முகவரியை மாற்றாமல் கடத்தும் முறை) இல்லாத ஸ்டேஷன் மோடில் ஓடும் ரேடியோ, பின்னால் இருக்கும் எல்லா வீட்டையும் தன் ஒரே மேக் முகவரியில் காட்டும். அங்கே எக்ஸ் 1 போட்டால் ஒரு வீடுதான் ஏறும். எக்ஸை எடுப்பதைவிட ரேடியோவை டபிள்யூடிஎஸ் பிரிட்ஜாக மாற்றுவதுதான் சரி, ஏனென்றால் ஸ்டேஷன் மோடில் பிபிபிஓஇ ஃபிரேம்களே ஒழுங்காகத் தாண்டுவதில்லை.

ஸ்மால் கே என்பது கெர்னல் மோட். இது முக்கியம். கே இல்லாமல் ஓடினால் ஒவ்வொரு பாக்கெட்டும் கெர்னலிலிருந்து வெளியே வந்து, "பிபிபிஓஇ" என்ற புரோகிராம் வழியாக பிபிபிடிக்குப் போய், மறுபடி கெர்னலுக்குள் நுழையும். பத்து வீட்டுக்குத் தெரியாது. நூறு வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குப் பழைய பிசியின் சிபியு முழுக்க இதற்கே போய்விடும். வேகம் இல்லை என்று புகார் வரும், மேலே லீஸ் லைனில் பார்த்தால் பாதிகூட நிறைந்திருக்காது. கெர்னல் மோடில்தான் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு நேர்வழி: புராக் ஃபோல்டருக்குள் நெட், அதற்குள் பிபிபிஓஇ என்ற ஃபைலை "கேட்" செய்து பாருங்கள். கனெக்ட் ஆன ஒவ்வொரு வீட்டுக்கும் செஷன் எண்ணும் மேக் முகவரியும் கார்டு பெயரும் ஒரு வரியாக வர வேண்டும். வீடுகள் ஓடிக்கொண்டிருக்க அந்தப் பட்டியல் காலியாக இருந்தால், நீங்கள் சுற்றுவழியில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். சில பில்டுகளில் கே ஏற்காது. அப்போது "மாட்புரோப் பிபிபிஓஇ" போட்டு மாட்யூல் ஏறுகிறதா பாருங்கள், பிபிபிடியின் பிளகின் அந்தப் பதிப்புக்கு ஏற்றதா என்றும் பாருங்கள்.

இந்தக் கமாண்டை ஆர்சி-லோக்கலில் எழுதி வைக்காமல் சிஸ்டம்-டி சர்வீஸாக வையுங்கள். கேப்பிடல் எஃப் சேர்த்தால் சர்வர் பின்னணிக்கு ஓடாமல் முன்னாலேயே நிற்கும். சிஸ்டம்-டிக்கு அதுதான் வேண்டும். தொடங்கும் முன் கார்டை "அப்" செய்யும் ஒரு வரியையும் அதில் சேருங்கள். ஐபி இல்லாத கார்டை டெபியன் தானாக எழுப்பாமல் விட்டுவிட வாய்ப்பு உண்டு. கரண்ட் போய் வந்த ஒவ்வொரு முறையும் சர்வர் ஓடும், கார்டு தூங்கும்.

அடுத்து பிபிபிடி. ஈடிசி, பிபிபி ஃபோல்டருக்குள் "பிபிபிஓஇ-சர்வர்-ஆப்ஷன்ஸ்" என்ற ஃபைல். அதில் முதல் வரி, பாஸ்வேர்டை நேரே அனுப்பாமல் சரிபார்க்கும் சேப் முறையைக் கட்டாயமாக்கும் "ரிக்வயர்-சேப்". இது இல்லாவிட்டால் யாரை எப்போது சரிபார்ப்பது என்பது பிபிபிடியின் சொந்த விதிப்படி போகும். அதை நம்பி நெட் விற்க முடியாது. பாப் என்ற இன்னொரு முறை வேண்டாம், அதில் பாஸ்வேர்ட் அப்படியே வெளிப்படையாகப் போகும். பிறகு பாக்கெட்டின் உச்ச அளவைச் சொல்லும் "எம்டியு 1492", "எம்ஆர்யு 1492", அதோடு "நோசிசிபி", இரண்டு "எம்எஸ்-டிஎன்எஸ்" வரிகள். பல மாதிரிகளில் "பிராக்ஸிஆர்ப்" இருக்கும். வீடுகளின் ஐபி தனி வரிசையாக இருக்கும்போது அதற்கு வேலையே இல்லை, எடுத்துவிடுங்கள். எக்கோ வரிகளைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அதே ஃபோல்டரில் "சேப்-சீக்ரெட்ஸ்". ஒரு வீட்டுக்கு ஒரு வரி, நான்கு பத்தி: பயனர் பெயர், சர்வர் பெயர், பாஸ்வேர்ட், ஐபி. இரண்டாம் பத்தியில் நட்சத்திரக் குறி போட்டுவிடுங்கள். அங்கே பெயர் எழுதினால் சர்வரின் ஹோஸ்ட்நேமோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், பின்னாளில் ஹோஸ்ட்நேம் மாற்றினால் எல்லா வீடும் ஒன்றாக விழும். நான்காம் பத்தியைக் காலியாக விடுவதுதான் மிகப் பரவலான தவறு. காலி என்றால் "எந்த ஐபியும் வேண்டாம்" என்று பிபிபிடி எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்ட் சரி என்று லாக் சொல்லும், அடுத்த நொடி அந்த ஐபியைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்று அறுத்துவிடும். பூலிலிருந்து ஏதாவது கொடு என்றால் நட்சத்திரம். குறிப்பிட்ட வீட்டுக்குக் குறிப்பிட்ட ஐபி என்றால் அதை எழுதுங்கள். வாசல்காரன் வேறு ஐபி சொன்னாலும் பிபிபிடி இதையே கொடுக்கும். நான் எல்லா வீட்டுக்கும் நிலையான ஐபியே கொடுக்கச் சொல்வேன், 47-ஆம் வீட்டுக்கு 10.20.1.47 என்பது மாதிரி. யார் எந்த நேரம் எந்த ஐபியில் இருந்தார் என்று நாளை யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கேப்பிடல் ஆர் பூலை 10.20.2-இல் தொடங்கச் சொன்னதும் இதற்காகத்தான், இரண்டும் கலக்கக் கூடாது.

பாஸ்வேர்டில் ஹாஷ் குறியோ இடைவெளியோ வந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். சொல்லின் தொடக்கத்தில் வரும் ஹாஷுக்குப் பிறகு இருப்பதையெல்லாம் பிபிபிடி குறிப்புரை என்று தள்ளிவிடும். சேப்புக்குப் பாஸ்வேர்ட் சர்வரில் வெளிப்படையாக இருந்தே ஆக வேண்டும். எனவே ஃபைலின் அனுமதி 600, உரிமையாளர் ரூட். இந்த ஃபைலை மாற்றினால் சர்வரை மறுபடி தொடங்க வேண்டியதில்லை; ஒவ்வொரு லாகினுக்கும் புதிதாகப் படிக்கும். ஆனால் வரியை அழித்தால் ஏற்கெனவே ஓடும் செஷன் அறுபடாது. அந்த வீட்டின் பிபிபிடியையும் நிறுத்த வேண்டும். பிபிபி3 என்ற இன்டர்ஃபேஸ் என்றால் ரன் ஃபோல்டரில் பிபிபி3 பெயரில் ஒரு பிட் ஃபைல் இருக்கும், அதில் உள்ள எண்ணுக்கு "கில்". எந்த வீடு எந்த இன்டர்ஃபேஸ் என்பதை "ஐபி-அப்-டி" ஃபோல்டரில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்து எழுதிக்கொள்ளலாம்: பயனர் பெயர் "பியர்நேம்" என்ற மாறியில் வரும். டெபியனில் ஒரு கண்ணி: அந்த ஃபோல்டரில் புள்ளி உள்ள பெயருடைய ஃபைல் ஓடாது. "ஷேப்.எஸ்ஹெச்" என்று பெயர் வைத்துவிட்டு ஏன் ஓடவில்லை என்று நாள் முழுக்கத் தேட வேண்டாம். "ஷேப்" என்று மட்டும் வைத்து, ஓடும் அனுமதியும் கொடுங்கள்.

வேகக் கட்டுப்பாடும் இதே ஸ்கிரிப்டில்தான். வீட்டுக்குப் போகும் டவுன்லோட், சர்வரின் பார்வையில் பிபிபி இன்டர்ஃபேஸை விட்டு வெளியே போவது. எனவே அதில் "டிசி" கமாண்டால் டிபிஎஃப் (வேகத்தை ஓர் அளவில் நிறுத்தும் வரிசை) போட்டால் நேராக வேலை செய்யும். அப்லோட் உள்ளே வருவது என்பதால் அங்கே போலீசிங்தான் போட முடியும், அது கொஞ்சம் முரட்டுத்தனமாகவே வெட்டும்.

இப்போது எக்கோ, அதாவது "இருக்கிறாயா" என்று அடிக்கடி கேட்டுப் பார்ப்பது. வீட்டில் கரண்ட் போனால் ரூட்டர் பாட்-டி அனுப்பாமலே சாகும். சர்வருக்கு அது தெரியாது, செஷன் உயிரோடு இருப்பதாகவே நினைத்திருக்கும். "எல்சிபி-எக்கோ-இன்டர்வல்", "எல்சிபி-எக்கோ-ஃபெயிலியர்" இரண்டும்தான் அதைக் கண்டுபிடிக்கும். 10-உம் 3-உம் வைத்தால் அரை நிமிடத்தைச் சுற்றிச் செஷன் விடுபடும். ரூட்டர் மறுபடி எழுந்து வரவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். 30-உம் 5-உம் வைத்தால் இரண்டரை நிமிடம். எக்ஸ் 1 போட்டிருப்பதால், அந்த இரண்டரை நிமிடமும் திரும்பி வந்த ரூட்டரை "உனக்கு ஏற்கெனவே ஒரு செஷன் இருக்கிறது" என்று சர்வர் வெளியே நிறுத்தும். எக்ஸும் எக்கோவும் சேர்ந்துதான் ஒழுங்காக வேலை செய்யும்; ஒன்றை மாற்றினால் மற்றதையும் பாருங்கள். லைன் நிரம்பி வழியும் நேரத்தில் எக்கோ தொலைந்து நல்ல செஷன் அறுபடாமல் இருக்க "எல்சிபி-எக்கோ-அடாப்டிவ்" சேருங்கள்: வீட்டிலிருந்து வேறு டேட்டா வந்துகொண்டிருந்தால் எக்கோ கேட்காது.

இதன் மறுபக்கம், சர்வருக்குக் கரண்ட் போவது. அப்போது வீட்டு ரூட்டர்கள் "கனெக்டட்" என்றே காட்டிக்கொண்டிருக்கும், எக்கோ கேட்டுப் பதில் வராத பிறகுதான் புதிதாகப் பாடி விடும். அதை நீங்கள் சர்வரிலிருந்து சரிசெய்ய முடியாது. நல்ல யுபிஎஸ் வைப்பதும், ரூட்டரில் எக்கோ அமைப்பு இருந்தால் அதைப் பார்ப்பதும்தான் வழி.

ஃபார்வர்டிங். சிஸ்சிடிஎல்லில் "ஐபி-ஃபார்வர்ட்" 1. ஃபயர்வாலில் ஃபார்வர்டின் அடிப்படை "டிராப்". பிபிபி என்று தொடங்கும் இன்டர்ஃபேஸிலிருந்து மேல் லைனுக்குப் போவதை மட்டும் அனுமதி, திரும்பி வருவதில் ஏற்கெனவே தொடங்கிய இணைப்புகளை மட்டும் அனுமதி. மாஸ்கரேடு மேல் லைன் கார்டில். வீட்டுப் பக்கக் கார்டின் பெயர் எந்த அனுமதி வரியிலும் வரக் கூடாது. ஓசி லைனுக்குப் பூட்டு இதுதான். இத்தனை வீடு ஒரே பெட்டியில் நாட் (மாஸ்கரேடு) ஆகும்போது, ஓடும் இணைப்புகளைக் குறித்துவைக்கும் கான்ட்ராக் டேபிள் நிரம்பிவிடலாம். கெர்னல் லாகில் "டேபிள் ஃபுல்" என்று வந்தால் அதன் உச்ச அளவை 262144 ஆக்குங்கள்.

பேங்க் தளம் திறக்காத கதைக்கு வருவோம். ஈத்தர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட். பிபிபிஓஇ தலைப்புக்கு 6, பிபிபிக்கு 2, ஆக 8 போனால் மிச்சம் 1492. பெரிய பாக்கெட் வந்தால் "சின்னதாக அனுப்பு" என்று ஐசிஎம்பி வழியாகத் தகவல் திரும்பிப் போக வேண்டும். பல தளங்களின் ஃபயர்வால் அந்தத் தகவலை விழுங்கிவிடும். தளம் 1500-இலேயே அனுப்பிக்கொண்டிருக்கும், இங்கே நுழையாது. பக்கத்தின் பெயர் மட்டும் வந்து சுற்றிக்கொண்டே நிற்பது இதனால்தான். யூடியூப் ஏன் ஓடுகிறது? அது பெரும்பாலும் குவிக்கில், அதாவது யுடிபி மேல் போகிறது. குவிக் சின்ன பாக்கெட்டில் தொடங்கி வழியை அளந்துகொள்ளும். டிசிபி அப்படி இல்லை.

மருந்து எம்எஸ்எஸ் கிளாம்ப், அதாவது டிசிபி ஒரு பாக்கெட்டில் வைக்கும் டேட்டாவின் உச்சத்தைக் குறைப்பது. ஐபி டேபிள்ஸின் மாங்கிள் டேபிள், ஃபார்வர்ட் செயினில், இணைப்பைத் தொடங்கும் டிசிபி சின் பாக்கெட்டுகளுக்கு "டிசிபிஎம்எஸ்எஸ்", "கிளாம்ப்-எம்எஸ்எஸ்-டு-பிஎம்டியு". கணக்கு: 1492-இல் 40 போக 1452, ஐபிவி6 கொடுத்தால் 60 போக 1432. சரியாக வந்ததா என்று வீட்டு லினக்ஸ் லேப்டாப்பில் "பிங் -கேப்பிடல் எம் டூ -எஸ் 1464" (டூ என்பது டி, ஓ இரண்டு எழுத்து) அடியுங்கள், போக வேண்டும். 1465 போகக் கூடாது. விண்டோஸில் "பிங் -எஃப் -எல் 1464". 1464 போகவில்லை, 1430 மாதிரி ஏதோ ஓர் எண்ணில்தான் போகிறது என்றால், நடுவில் இன்னொரு சுரங்கம் இருக்கிறது. மேலே லைன் தருபவரிடம் கேளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் "கனெக்டிங்" என்றே நின்றால் ஊகிக்காதீர்கள், கேளுங்கள். சர்வரில் "டிசிபிடம்ப் -இ -என் -ஐ", கார்டு பெயர், கடைசியில் "பிபிபிஓஇடி". முதல் கட்டப் பாக்கெட்டுகள் மட்டும் வரிசையாக ஓடும். ரூட்டரை அணைத்துப் போடச் சொல்லிவிட்டுத் திரையைப் பாருங்கள்.

ஒன்றுமே வரவில்லை: பாடி சர்வர் வரை வரவில்லை. ஓஎல்டியில் (உங்கள் பக்கத்து ஃபைபர் பெட்டி) வீடுகளுக்கு விளான் 100 (ஒரே லைனைப் பிரிக்கும் எண் டேக்) போட்டு, சர்வரில் டேக் இல்லாத கார்டில் கேட்டுக்கொண்டிருப்பதுதான் வழக்கமான காரணம். அந்தக் கார்டின் மேல் விளான் 100 இன்டர்ஃபேஸ் உருவாக்கி, கேப்பிடல் ஐ-இல் அதன் பெயரைக் கொடுங்கள். கார்டை பிரிட்ஜில் சேர்த்திருந்தால் பிரிட்ஜின் பெயரில்தான் கேட்க வேண்டும்.

பாடி மட்டும் மூன்று நான்கு முறை, பதில் இல்லை: சர்வர் ஓடவில்லை, அல்லது சர்வீஸ் நேம் பொருந்தவில்லை, அல்லது பழைய செஷன் இன்னும் இருப்பதால் எக்ஸ் தடுக்கிறது.

பாடி, பாடோ, மறுபடி பாடி: உங்கள் பதில் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. ஒருவழிப் பழுது, ஸ்விட்ச், மீடியா கன்வர்ட்டர், ஓஎன்யு (வீட்டு ஃபைபர் பெட்டி) பக்கம் தேடுங்கள்.

ஒரே பாடிக்கு இரண்டு வேறு மேக் முகவரியிலிருந்து பாடோ: லைனில் இன்னொரு சர்வர் இருக்கிறது. இதைக் கண்டால் அன்றைக்கே பிடியுங்கள். வீட்டு ரூட்டருக்கு நல்ல சர்வர், கள்ள சர்வர் என்று தெரியாது. கள்ள சர்வர் பாப் கேட்டால் பல ரூட்டர்கள் பாஸ்வேர்டை அப்படியே கொடுத்துவிடும். வீட்டுக்கு வீடு பேச முடியாதபடி ஓஎல்டியிலும் ஸ்விட்சிலும் போர்ட் ஐசோலேஷன் போடுவதுதான் இதற்கு நிரந்தர வழி. பாடி மேலே போகட்டும், பக்கவாட்டில் போக வேண்டாம்.

நான்கும் முடிந்து உடனே பாட்-டி: இனி டிசிபிடம்பில் வேலை இல்லை, "ஜர்னல்சிடிஎல்" பாருங்கள். பிரச்சினை பாஸ்வேர்ட் அல்லது நான்காம் பத்தி. பாட்ஸிலேயே பிழைச் செய்தி வந்தால் 64 கணக்கு.

இனி ஒரு வெளிப்படையான கருத்து. ஆர்பி-பிபிபிஓஇ கற்றுக்கொள்ளவும் இருபது முப்பது வீட்டுக்கும் அருமை. 160 வீட்டுக்கு நான் ஆக்செல்-பிபிபிதான் சொல்வேன். வீட்டுக்கு ஒரு பிபிபிடி என்று இல்லாமல் ஒரே புரோகிராம் எல்லாச் செஷனையும் பார்த்துக்கொள்ளும். அதே சேப்-சீக்ரெட்ஸ் ஃபைலைப் படிக்கும், ஐந்தாம் பத்தியில் வேகம் எழுதலாம். "சிங்கிள்-செஷன்" என்ற அமைப்பில் "ரிப்ளேஸ்" போட்டால் திரும்பி வரும் ரூட்டர் பழைய செஷனைத் தள்ளிவிட்டு உட்காரும், மேலே சொன்ன எக்கோ தலைவலி போகும்; ஒரே பாஸ்வேர்டை இரண்டு வீட்டில் போட்டு ஓட்டுவதும் நிற்கும். "ஆக்செல்-சிஎம்டி ஷோ செஷன்ஸ்" என்றால் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியலே வரும். சோர்ஸிலிருந்து சீமேக் வைத்துக் கட்ட வேண்டியிருக்கலாம் என்பதுதான் ஒரே இடைஞ்சல். அது வேண்டாம் என்றால் வையோஸ் போடுங்கள், அதன் பிபிபிஓஇ சர்வருக்குள் இருப்பதும் இதுதான். ஃப்ரீபிஎஸ்டி பழகியவர் என்றால் எம்பிடி5 அல்லது ஃப்ரீபிஎஸ்டியோடே வரும் பிபிபிஓஇடி, ஓபன்பிஎஸ்டியில் என்பிபிபிடி. பெயர் மாறும், முதல் கட்டம் இரண்டாம் கட்டம் மாறாது.

உங்கள் பக்கத்துக்கே உரிய இரண்டு விஷயம். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடி. வீட்டுக்கு வீடு செம்புக் கேபிள் இழுத்திருந்தால் ஒரு மின்னலில் ஸ்விட்ச் போர்ட்டும் சர்வர் கார்டும் சேர்ந்து போகும். ஃபைபர்தானே என்று இருக்கவும் வேண்டாம். டிராப் கேபிளில் தாங்குவதற்கு இருக்கும் இரும்புக் கம்பி மின்சாரத்தைக் கடத்தும். அதை வீட்டுச் சுவருக்கு வெளியிலேயே கொக்கியில் நிறுத்தி வெட்டிவிட்டு, ஃபைபரை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். ஆனி ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுந்து கேபிள் மடங்கினால் முதலில் பிபிபிஓஇ அறுந்து அறுந்து வரும். ஓஎன்யுவின் ஒளி அளவு -27 டிபிஎம்மை நெருங்கியிருந்தால் சர்வரை நோண்ட வேண்டாம், மட்டையைத் தேடுங்கள். இரண்டாவது, செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் நாலு வீடு கேட்கிறார்கள் என்று கேபிளை நீட்டும் முன், மேலே லைன் தரும் நிறுவனத்தின் உரிமம் தமிழ்நாடு சர்க்கிளுக்கும் உண்டா என்று கேளுங்கள். கேரளாவுக்கு மட்டும் என்றால் எல்லையைத் தாண்டி வீட்டுக்குக் கொடுக்க முடியாது. அங்கே கம்பமும் கேஎஸ்இபி (கேரள மின்வாரியம்) கம்பம் இல்லை, அனுமதி வேறு இடத்தில் வாங்க வேண்டும்.

மாற்றும்போது ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். டிஹெச்சிபியும் பிபிபிஓஇயும் ஒரே லைனில் சண்டையில்லாமல் ஓடும். ஓஎல்டியில் ஒரு போர்ட், ஏறக்குறைய முப்பது வீடு, ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டரில் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு, 1464 பிங் அடித்து, புராக் ஃபைலில் வரி வந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த வீடு. எல்லாரும் ஏறிய பிறகு டிஹெச்சிபியை நிறுத்தி, அந்தக் கார்டிலிருந்து பழைய கேட்வே ஐபியையும், அதற்காக அதுவரை ஃபயர்வாலில் விட்டுவைத்த அனுமதி வரியையும் எடுத்துவிடுங்கள். அதற்கடுத்த பத்து நிமிடத்தில் "நெட் போச்சு" என்று யார் யார் போன் செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கையால் ஐபி போட்டு ஓட்டியவர்களின் பட்டியல் அதுதான்.